எண்ணி அளந்த பிரபஞ்சம்

பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அதில் உள்ளவற்றுள் நாம் அறிந்த அணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்தளவே. ஒளியை உமிழாமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் கரும்பொருள் 26 பங்கு. மீதி 69 பங்கு, வெளியை மேலும் மேலும் விரைவாக விரியச் செய்யும் கருஆற்றல். உயர்தர மாணவர் ஒருவர் இவற்றை ஒரு நிமிடத்தில் மனனம் செய்துவிடலாம். இவை எப்படிக் கிடைத்தன என்று அவர் கேட்கும்போதுதான் விஞ்ஞானம் தொடங்குகிறது.

பிரபஞ்சத்தை வெளியே நின்று பார்த்தவர் எவரும் இல்லை. அதன் துண்டொன்றைக் கொண்டுவந்து தராசில் வைத்தவரும் இல்லை. சாதாரண விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோளில் இருந்தபடியே, இரவில் வந்து சேரும் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு மனிதர் இந்த எண்களைப் பெற்றார்கள். அதற்குக் கைகொடுத்த வழிகளுள் மிக வளமானது, பேரடைகளை எண்ணுவது. கோடானுகோடி விண்மீன்கள் ஈர்ப்பால் கட்டுண்டு கிடக்கும் தொகுதியைப் பேரடை என்கிறோம். எந்தப் பேரடை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தால், அந்தக் குறிப்பேட்டுக்குள் பிரபஞ்சத்தின் அடிப்படை அளவுகளுள் பெரும்பாலானவை ஒளிந்திருக்கின்றன. அவற்றை வெளியே எடுப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். அந்தக் குறிப்பேடு இன்று எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது என்பதையும் இதில் சொல்ல வேண்டும்.

நம் கரையிலிருந்து தெரியும் மூன்று

கல்முனை, மத்தியகோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான அகலக்கோட்டில் இருக்கிறது. அதனால் வடவானம், தென்வானம் இரண்டுமே நமக்குக் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் வாழ்பவர் தென்முனையை அண்டிய வானத்தை ஒருநாளும் காண்பதில்லை. அவுஸ்திரேலியாவின் தெற்கில் வாழ்பவருக்கு வடமுனையை அண்டிய வானம் இல்லை. செப்டெம்பர் மாதத்து நிலவில்லாத இரவொன்றில், தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழும் நேரமாகிய அதிகாலை மூன்று மணியளவில், பொத்துவில் பக்கம் வீதி விளக்குகள் எட்டாத கரையொன்றில் நின்று பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால், நமது பால்வீதிக்கு வெளியே உள்ள மூன்று பேரடைகள் கருவி எதுவுமின்றிக் கண்ணுக்குத் தெரியும். வடமேற்கே பாதி உயரத்தில் அந்திரோமெடா. தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே, மங்கலான இரு திட்டுகளாகப் பெரிய மகெல்லன் மேகமும் சிறிய மகெல்லன் மேகமும்.

பிரபஞ்சத்தை அளக்க மனிதர் ஏறிய முதற் படிகள் இந்த மூன்றிலும்தான் இருக்கின்றன. அந்திரோமெடாவைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவை எழுதியவர் பாரசீக வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி. இஸ்பஹானில் பணியாற்றிய அவர் 964ஆம் ஆண்டளவில் அரபியில் இயற்றிய நிலைத்த விண்மீன்களின் நூலில், அதைச் சிறியதொரு மேகம் என்று குறித்தார். அது என்ன, எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்ல அன்று வழியில்லை. கண்டதைக் கண்டபடி, இடம் பிசகாமல் குறித்துவைத்தார். கணக்கெடுப்பு என்பதன் முதல் ஒழுக்கம் அதுதான்.

தொலைவை அறியும் வழி தென்வானத்து மேகங்களிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் பணிபுரிந்த ஹென்றியேட்டா லீவிட், பெரு நாட்டின் அரெக்கிப்பா நகரில் எடுக்கப்பட்ட படத்தகடுகளில் சிறிய மகெல்லன் மேகத்தின் விண்மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். செபீட் வகை விண்மீன்கள் ஒழுங்கான கால இடைவெளியில் மங்கிப் பிரகாசிப்பவை. அந்த இடைவெளி நீள நீள விண்மீனின் உண்மையான ஒளிர்வும் கூடுகிறது என்று அவர் 1912இல் நிறுவினார். ஒளிர்வு தெரிந்தால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். 1923இல் எட்வின் ஹபிள் அந்திரோமெடாவுக்குள் ஒரு செபீட்டைக் கண்டுபிடித்தார். அஸ்ஸூபியின் சிறு மேகம், பால்வீதிக்கு வெகு அப்பால் உள்ள தனிப் பேரடை என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. அதன் தொலைவு 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்று இன்று அறிவோம். பெரிய மகெல்லன் மேகத்தின் தொலைவு ஏறத்தாழ 1,62,000 ஒளியாண்டுகள் என்று 2019இல் நூற்றுக்கு ஒரு பங்கு வழுவுடன் அளக்கப்பட்டது. பிரபஞ்சத்தின் தூர அளவீடுகள் பல, இந்த ஓர் எண்ணைக் கால்கோளாகக் கொண்டுதான் எழுகின்றன.

ஒளியில் பதிந்திருக்கும் தொலைவு

தூரத்துப் பேரடைகளில் தனித்தனி விண்மீன்களைப் பிரித்துக் காண முடியாது. அங்கே, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் திருசியம் உதவுகிறது. ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உமிழும். புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் பேரடைகளில், அயனாக்கப்பட்ட ஒட்சிசன் 372.7 நனோமீற்றரில் ஒரு கோட்டை இடுகிறது. ஆய்வுகூடத்திலும் அதே 372.7தான். ஆனால் ஒரு பேரடையின் திருசியத்தில் அந்தக் கோடு 745.4 நனோமீற்றரில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளி புறப்பட்ட நாளிலிருந்து வந்து சேர்ந்த நாள்வரை வெளி இரண்டு மடங்காக விரிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகர்வதால் இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். செம்பெயர்ச்சி கூடினால் தொலைவும் கூடும் என்பதை ஹபிள் 1929இல் காட்டினார்.

இதோடு வானப்படத்துக்கு மூன்றாவது பரிமாணம் கிடைத்தது. ஹார்வர்ட்–ஸ்மித்சோனியன் மையத்தில் வலேரி டி லாப்பரோன், மார்கரட் கெல்லர், ஜோன் ஹுக்ரா மூவரும் 1986இல் ஏறத்தாழ 1,100 பேரடைகளின் இடத்தைக் குறித்த வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். பேரடைகள் சீராகப் பரவியிருக்கவில்லை. நீண்ட இழைகளிலும் சுவர்களிலும் அவை செறிந்திருந்தன. நடுவே கோடிக்கணக்கான ஒளியாண்டுகள் அகலமான வெற்றிடங்கள். இந்த வடிவம் ஏன் வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் பேரடைக் கணக்கெடுப்பு ஓர் அளவைக் கருவியாக மாறியது.

அடுத்து வந்த கணக்கெடுப்புகள் எண்ணிக்கையைப் பன்மடங்கு பெருக்கின. அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் நடந்த ஆய்வு 2002க்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பேரடைகளின் செம்பெயர்ச்சியை அளந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் 2000இல் தொடங்கிய ஸ்லோன் கணக்கெடுப்பில், அலுமினியத் தட்டுகளில் பேரடைகளின் இடத்துக்கு நேராகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒளியிழையைக் கையாலேயே செருகினார்கள். இன்று அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீற்றர் தொலைகாட்டியில் பொருத்தப்பட்டுள்ள டெசி என்ற கருவியில் 5,000 ஒளியிழைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரு சிறு ரோபோ நகர்த்துகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 5,000 புதிய பேரடைகளை நோக்கி அது திரும்புகிறது. 2021 மே மாதம் முறைப்படி தொடங்கிய அந்த ஆய்வு, மூன்றே ஆண்டுகளில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட பேரடைகளையும், குவாசார் எனப்படும் மிகப் பிரகாசமான பேரடை மையங்களையும் அளந்து 2025 மார்ச்சில் முடிவுகளை வெளியிட்டது.

அலை நின்ற இடம்

எண்ணிக்கை கூடினால் மட்டும் அளவு கிடைத்துவிடாது. வரைபடத்துக்குள் நீளம் தெரிந்த ஏதோ ஒன்று வேண்டும். அதைத் தந்தது ஓர் அலை.

அலை என்ன செய்யும் என்பதை நம் கரை நேரில் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று, அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. இரண்டு மணிநேரம் நிறையுமுன் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எங்கும் கடல் ஏறியது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்த அலைக்கு ஒரு விதி இருக்கிறது. ஆழ்கடலில் அதன் கதியைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். நான்கு கிலோமீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். கதியும் புறப்பட்ட நேரமும் தெரிந்தால், எந்த நேரத்தில் அலை எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். இந்து சமுத்திரத்தில் பின்னர் அமைக்கப்பட்ட முன்னெச்சரிக்கை முறை இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. பிரபஞ்சத்துக்கு அளவுகோல் தந்ததும் இதே கணக்குத்தான்: ஊடகம் கதியைத் தருகிறது, காலம் தெரிகிறது, இரண்டும் சேர்ந்து தூரத்தைத் தருகின்றன.

பிரபஞ்சத்தின் இளமையில் அணுக்கள் இல்லை. புரோத்தன், இலத்திரன், ஒளி மூன்றும் பிரிய முடியாமல் கலந்த சூடான பாயமாக அது இருந்தது. ஆங்காங்கே இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சற்றே செறிவான இடங்கள். ஈர்ப்பு உள்ளே இழுத்தது. ஒளியின் அமுக்கம் வெளியே தள்ளியது. செறிவான ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஓர் ஒலியலை கோளவடிவில் புறப்பட்டது. அந்த ஊடகத்தில் அதன் கதி ஒளியின் கதியில் ஏறத்தாழ 57 சதவீதம். 3,80,000 ஆண்டுகள் கழிந்தபோது பாயம் குளிர்ந்து அணுக்கள் உருவாயின. ஒளி விடுபட்டுப் பறந்தது. தள்ளுவதற்கு அமுக்கம் இல்லாமல் அலை இருந்த இடத்திலேயே நின்றது.

அலை ஓடும்போதே வெளி விரிந்துகொண்டிருந்தது. அது நின்ற பின்னரும் இதுவரை ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தக் கோளத்தின் ஆரை இன்று ஏறத்தாழ 48 கோடி ஒளியாண்டுகள். அலை நின்ற இடத்தில் சற்று அதிகமான பொருள் தேங்கியது. ஆகவே அங்கே சற்று அதிகமான பேரடைகள் பிறந்திருக்க வேண்டும். 1970இல் அமெரிக்காவில் பீபிள்ஸ், யூ ஆகியோரும் சோவியத் நாட்டில் சுன்யாயெவ், செல்டோவிச் ஆகியோரும் இந்த அலைகள் தடம் விட்டிருக்கும் என்று கணக்கால் காட்டினார்கள். 2005இல் டானியல் ஐசன்ஸ்டைன் தலைமையிலான குழு, ஸ்லோன் கணக்கெடுப்பின் 46,748 செம்பேரடைகளில் அதைக் கண்டது. அதே காலத்தில் அவுஸ்திரேலியக் கணக்கெடுப்பிலும் அது வெளிப்பட்டது. ஏட்டில் போட்ட கணக்கை வானம் 35 ஆண்டுகளுக்குப் பின் சரியென்று காட்டியது.

இந்த நீளம் ஒரு குறிப்பிட்ட செம்பெயர்ச்சியில் எவ்வளவு கோணத்தில் தெரிகிறது என்று அளந்தால், அந்தத் தொலைவு கிடைத்துவிடும். ஒளி புறப்பட்டபின் வெளி ஒன்றரை மடங்கு விரிந்திருக்கும் தூரத்தில், அது நான்கு பாகைக்குச் சற்று மேல். முழுநிலாவின் அகலத்தில் எட்டு மடங்குக்கும் அதிகம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வானத்தில் அது பெரிய அளவுதான். பல செம்பெயர்ச்சிகளில் இப்படி அளந்துகொண்டே போனால், பிரபஞ்சம் எந்தக் காலத்தில் எந்த வேகத்தில் விரிந்தது என்ற வரலாறே வந்துவிடும்.

சோடிகளை எண்ணுதல்

அலையின் தடம் மிக மெல்லியது. நூற்றில் ஒரு பங்கு மிகை மட்டுமே. படத்தை உற்றுப் பார்த்தால் எந்த வட்டமும் தெரியாது. எத்தனையோ கோளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அதனால் சோடிகளை எண்ணுகிறார்கள். எல்லாப் பேரடைகளையும் இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் இடைத்தூரத்தைக் கணிக்கிறார்கள். எந்தத் தூரத்தில் எத்தனை சோடிகள் என்று அட்டவணை இடுகிறார்கள். 48 கோடி ஒளியாண்டில் சோடிகள் சற்றுக் கூடுகின்றன.

கூடுகின்றன என்றால், எதைவிட? இந்தக் கேள்வியில்தான் இந்தத் துறையின் நேர்மை முழுவதும் தங்கியிருக்கிறது. நிலவொளி மிகுந்த இரவில் மங்கலான பேரடைகள் தவறிப்போகும். பால்வீதியின் தூசு சில திசைகளை மறைக்கும். மழைக்காலத்தில் சில வாரங்கள் கைவிட்டுப் போகும். இரண்டு பேரடைகள் மிக நெருங்கியிருந்தால் இரண்டு ஒளியிழைகளை ஒரே நேரத்தில் அங்கே வைக்க முடியாது. இந்தக் குறைகளால் வரும் ஏற்ற இறக்கத்தைப் பிரபஞ்சத்தின் இயல்பென்று எடுத்துக்கொண்டால் முடிவு முழுவதும் பிழைத்துவிடும். ஆகவே, இதே குறைகள் அத்தனையும் கொண்ட, ஆனால் எந்த அமைப்பும் இல்லாமல் எழுமாறாகத் தூவப்பட்ட பொய்ப் பேரடைகளின் பட்டியல் ஒன்றைக் கணினியில் உருவாக்குகிறார்கள். உண்மைப் பட்டியலில் உள்ள சோடிகளை அந்தப் பட்டியலின் சோடிகளோடு ஒப்பிடுகிறார்கள். லாண்டி, சலாய் என்ற இருவர் 1993இல் வகுத்த சூத்திரம் இன்றும் இதற்குப் பயன்படுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1,300 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரடைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பதால் அலையின் தடம் கலங்கிவிட்டது. எங்கே பொருள் செறிந்திருக்கிறது என்று வரைபடமே சொல்வதால், ஒவ்வொரு பேரடையும் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கும் என்று கணித்து, அதைப் பழைய இடத்துக்கு நகர்த்தலாம். யேல் பல்கலைக்கழகத்தின் நிக்கில் பத்மநாபனும் குழுவினரும் 2012இல் இதை ஸ்லோன் தரவில் செய்தபோது, தூர அளவீட்டின் வழு 3.5 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாகக் குறைந்தது. தொலைகாட்டியைப் பெருப்பிக்காமல், கூடுதல் இரவு எதுவும் செலவிடாமல், கையில் இருந்த தரவையே கூர்ந்து படித்துப் பெற்ற பலன் அது.

மனிதரின் விருப்பமும் ஒரு வழுதான். எதிர்பார்த்த விடை வந்ததும் பிழை தேடுவதை நிறுத்திவிடும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. அதனால் டெசி குழுவினர் தங்கள் பேரடைப் பட்டியலைத் தாங்களே அறியாத அளவுக்கு மறைவாகச் சற்று மாற்றிவைத்து, அதன்மேல் எல்லாச் சோதனைகளையும் செய்து முடித்த பிறகே திரையை நீக்கி உண்மை விடையைப் பார்த்தார்கள். தரவு ஓர் அமானிதம். அதைப் பேணுவது இப்படித்தான்.

ஆறு எண்கள்

இன்றைய பிரபஞ்சவியலின் நியம மாதிரிக்கு ஆறு எண்கள் போதும். சாதாரணப் பொருளின் அடர்த்தி, கரும்பொருளின் அடர்த்தி, வெளி விரியும் வேகம், ஆரம்பச் செறிவு வேறுபாடுகளின் பருமன், அந்த வேறுபாடு சிறிய அளவுகளுக்கும் பெரிய அளவுகளுக்கும் இடையே மாறும் விதம், முதல் விண்மீன்களின் ஒளியால் ஐதரசன் மீண்டும் அயனான கட்டம். கடைசி எண்ணைப் பிரபஞ்சத்தின் ஆதி ஒளியாகிய நுண்ணலைப் பின்னணி தருகிறது. மற்ற ஐந்தும் பேரடைகளின் அமைப்பில் தத்தம் தடத்தை விட்டிருக்கின்றன.

அலைத்தடத்தின் உயரம் சாதாரணப் பொருளின் பங்கைச் சொல்கிறது, ஏனென்றால் ஒலியலையில் ஓடியது அந்தப் பொருள் மட்டுமே. கரும்பொருள் அமுக்கத்துக்கு அசையாது. மிகப் பெரிய அளவுகளில் சோடிகளின் மிகை எங்கே குறையத் தொடங்குகிறது என்பது மொத்தப் பொருளின் அடர்த்தியைச் சொல்கிறது. ஈர்ப்பின் வலிமையை அறியவும் ஒரு வழி இருக்கிறது. செறிவான இடத்தை நோக்கி விழும் பேரடைகளுக்கு, விரிவோடு சேர்ந்து அந்த வீழ்ச்சியின் வேகமும் உண்டு. அது செம்பெயர்ச்சியைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். அதனால் வரைபடம் நம் பார்வைத் திசையில் சற்று நசுங்கித் தெரிகிறது. இதை 1987இல் விளக்கியவர் நிக் கைசர். எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தால், ஈர்ப்பு எவ்வளவு வேகமாகப் பொருளைக் குவிக்கிறது என்று தெரியும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையை நூறுகோடிக்கணக்கான ஒளியாண்டு அளவில் சோதிக்கும் முறை இதுவே.

பேரடைகளைக் கொண்டு நியூத்திரினோவையே நிறுக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய வியப்பு. நியூத்திரினோக்கள் மிக வேகமாக ஓடுவதால் சிறிய அளவுகளில் குவிய மறுக்கும். அவற்றின் திணிவு கூடினால் பேரடைகளின் கொத்துத் தன்மை அந்த அளவுகளில் குறையும். டெசி தரவையும் நுண்ணலைப் பின்னணியையும் சேர்த்து, நியம மாதிரியின்படி கணித்ததில், மூன்று வகை நியூத்திரினோக்களும் சேர்ந்த திணிவு, இலத்திரனின் திணிவில் எழுபது இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று வந்தது. மிகச் சிறிய துகளைப் பற்றி மிகப் பெரிய அமைப்பு சொல்லும் சாட்சி இது.

தரவுக்குள் எவ்வளவு இருக்கிறது

ஒரு கணக்கெடுப்பைத் தொடங்குமுன்பே அது எவ்வளவு துல்லியமான விடை தரும் என்று சொல்ல முடியும். அதற்கான தேற்றம் கல்கத்தாவில் பிறந்தது. சி. ஆர். ராவ் தமது 25ஆம் வயதில், 1945இல், கல்கத்தா கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தரவுக்குள் உள்ள தகவலின் அளவு, அதிலிருந்து பெறும் எந்த மதிப்பீட்டின் துல்லியத்துக்கும் ஓர் எல்லை வகுக்கிறது என்று அதில் நிறுவினார். ஹரால்ட் கிராமரும் தனியாக அதைக் கண்டதால் கிராமர்–ராவ் எல்லை என்று அது பெயர்பெற்றது. எத்தனை சதுரப் பாகை வானம், எத்தனை பேரடைகள், எத்தனை ஆண்டுகள் என்று திட்டமிடும் ஒவ்வொரு குழுவும் இந்த எல்லையைக் கொண்டுதான் கணக்குப் பார்க்கிறது.

சோடிகளை எண்ணுவதால் மட்டும் அந்த எல்லையை எட்ட முடியாது. சுவர்கள், இழைகள், வெற்றிடங்கள் ஆகிய வடிவங்களில் உள்ள தகவல் சோடிக் கணக்கில் சிக்காமல் நழுவுகிறது. 2024இல் சாங்ஹூன் ஹான் தலைமையிலான குழு இதற்கு ஒரு வழி காட்டியது. வெவ்வேறு எண்களைக் கொண்ட 2,000 கற்பனைப் பிரபஞ்சங்களைக் கணினியில் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் பேரடைகள் எப்படி அமைகின்றன என்று செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கினார்கள். உண்மைத் தரவில் உள்ள குறைகளையும் அந்தக் கற்பனைப் படங்களில் புகுத்தினார்கள். பின்னர் ஸ்லோன் தரவிலிருந்து 1,09,000க்கும் மேற்பட்ட பேரடைகளைக் கொடுத்தபோது, பொருள் எவ்வளவு கொத்தாகத் திரண்டிருக்கிறது என்ற எண்ணின் வழு, பழைய முறையில் வந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆண்டுக்கணக்காகக் கையில் இருந்த தரவு, புதிய கேள்விக்குப் புதிய விடை தந்தது.

ஒத்துப்போகாத இடங்கள்

இவ்வளவு துல்லியம் வந்தபின் முரண்பாடுகளும் தெளிவாகத் தெரிகின்றன. நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செய்மதியின்படி, ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுக்கும் விரிவின் வேகம் செக்கனுக்கு 67.4 கிலோமீற்றர். பேரடைகளின் அலைத்தடத்தை ஆதி மூலகங்களின் அளவோடு சேர்த்துக் கணித்தால் 68.5. ஆனால் செபீட்டுகளையும் வெடிக்கும் விண்மீன்களையும் கொண்டு ஆடம் ரீஸ் குழுவினர் 2022இல் பெற்ற அளவு 73. வழுக்களுக்குள் அடங்காத வேறுபாடு இது. அளவீட்டில் எங்கோ கவனிக்கப்படாத பிழை இருக்கிறது, அல்லது நமது மாதிரியில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

டெசி எழுப்பும் கேள்வி இன்னும் ஆழமானது. கருஆற்றலின் அடர்த்தி என்றும் மாறாதது என்பதே நியம மாதிரியின் கருதுகோள். டெசியின் மூன்றாண்டுத் தரவை நுண்ணலைப் பின்னணியோடும் வெடிக்கும் விண்மீன்களோடும் சேர்த்தபோது, அது காலத்தோடு வலுக் குறைந்துவருகிறது என்ற விளக்கமே கூடுதலாகப் பொருந்தியது. வெடிக்கும் விண்மீன்களின் எந்தப் பட்டியலைச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தச் சான்றின் வலிமை 2.8 முதல் 4.2 சிக்மா. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கப் பௌதிகவியலாளர் கேட்பது 5 சிக்மா, அதாவது தற்செயலாக நிகழ வாய்ப்பு 35 இலட்சத்தில் ஒன்று. ஆகவே இது இப்போதைக்கு வலுவான சந்தேகம் மட்டுமே. உறுதியானால் ஆறு எண்கள் போதாமற் போகும். பிரபஞ்சத்தின் எதிர்காலத்தைப் பற்றி இதுவரை எழுதியதைத் திருத்த வேண்டிவரும். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்தொலைகாட்டியும், 2025 ஜூனில் முதற் படங்களை வெளியிட்ட சிலியின் வேரா ரூபின் வானாய்வகமும் தனித்தனியே இதைச் சோதிக்கும்.

திறந்த ஏடு

இந்தக் கருவிகள் எதுவும் இலங்கையில் இல்லை. ஆனால் அவற்றின் தரவு இங்கே வருகிறது. ஸ்லோன் கணக்கெடுப்பு வெளியிட்ட தரவு முழுவதும் இணையத்தில் இலவசம். 2025 மார்ச்சில் டெசி தன் முதலாண்டுத் தரவை, 1.87 கோடி வான்பொருட்களின் அளவீட்டை, பொதுவில் வைத்தது. அதைத் திறக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

திறந்த தரவால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 2017இல் புனேயின் ஐயூக்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஜாய்தீப் பாக்சி, சோமக் ராய்சௌதுரி முதலானோர், ஸ்லோன் தரவைத் துருவி, 400 கோடி ஒளியாண்டு தொலைவில் 60 கோடி ஒளியாண்டு நீளமான பேரடைத் தொகுதி ஒன்றைக் கண்டுபிடித்துச் சரஸ்வதி என்று பெயரிட்டார்கள். அந்தக் குழுவில் கேரளத்தின் தொடுபுழா என்ற சிற்றூரிலுள்ள நியூமன் கல்லூரியின் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். நம் நாட்டவரான கவன் ரட்ணதுங்க, ஹபிள் விண்தொலைகாட்டியின் மீடியம் டீப் கணக்கெடுப்பில், மங்கலான பேரடைகளின் வடிவத்தைக் கணினியால் அளக்கும் முறையை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர். பேரடைகளின் உருவத்தை வகைப்படுத்தப் பொதுமக்களை 2007இல் அழைத்த கேலக்சி சூ திட்டத்தில், ஹானி வான் ஆர்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, வானியலாளர் எவரும் கவனித்திராத ஒளிரும் வாயுத் திரளொன்றைக் கண்டெடுத்தார்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். கணினியும் புள்ளியியலும் பௌதிகவியலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் ஸ்லோன் தரவிலிருந்து ஒரு மெல்லிய வான்துண்டை எடுத்து, ஒவ்வொரு பேரடையின் திசையையும் செம்பெயர்ச்சியையும் கொண்டு புள்ளியிட்டால், சுவர்களும் வெற்றிடங்களும் அவர் திரையிலேயே விரியும். எழுமாறான பட்டியலொன்றை உருவாக்கிச் சோடிகளை எண்ணினால், 48 கோடி ஒளியாண்டில் அந்தச் சிறு மிகையைத் தேடலாம். இளமானி ஆய்வுக்கட்டுரைக்கு இது தகுதியான வேலை. மடிக்கணினி ஒன்றும் பொறுமையும் நல்ல வழிகாட்டியும் வேண்டும்.

கருஆற்றல் மாறுகிறதா என்ற கேள்விக்கு உறுதியான விடை வரும் ஆண்டுகளில், இன்று கல்முனை சாஹிராவிலும் மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் வெஸ்லியிலும் கார்மேல் பாத்திமாவிலும் சாதாரணதரம் படிக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இருப்பார்கள். அந்த விடையை அவர்கள் செய்தியாகக் கேட்டு நம்பிவிட்டுப் போகக் கூடாது. தரவைத் தாமே திறந்து, வழுவைத் தாமே கணித்து, சொல்லப்படுவது சரிதானா என்று பார்க்க வேண்டும். அதற்கான கணிதம் இணைந்த கணிதப் பாடத்தின் நிகழ்தகவு அலகிலேயே தொடங்குகிறது. அந்த அலகைப் பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் கற்பித்து முடித்துவிடாதிருப்பது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.